செக் எங்கிருந்து வந்தது: வங்கியிலிருந்தா, சதுரங்கப் பலகையிலிருந்தா?

சும்மா_கேட்டேன் | ஜூன் 3, காலை 8.12

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. வங்கி செக் என்ற சொல் அரபு ‘சக்’கிலிருந்து வந்ததாம், வெள்ளைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். அப்படியென்றால் செஸ்ஸில் வைக்கிற செக், செக் சட்டை, செக்போஸ்ட், செக் நட்டு, ‘செக் பண்ணிட்டுச் சொல்றேன்’, இதெல்லாம் தனித்தனிச் சொற்களா? ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறதா?

வேர்ச்சொல்_பித்தன் | ஜூன் 3, காலை 9.40

நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரே குடும்பம். அரபு சக்குக்குத்தான் அந்த வீட்டில் இடமில்லை.

மூலம் பாரசீக ‘ஷா’, அரசன். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா’ என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். அந்தக் கூவல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. லத்தீனில் ஸ்காக்குஸ், பழைய பிரெஞ்சில் எஷெக், ஆங்கிலத்தில் செக். பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம்தான் ஆங்கிலத்தில் செஸ் ஆனது. ஆக ஆட்டத்தின் பெயரே ‘ராஜாக்கள்’. உருதுக்காரர்கள் இன்னும் சுற்றி வளைக்காமல் ‘ஷஹ்’, ‘மாத்’ என்றே ஆடுகிறார்கள்.

அதன் பிறகு பொருள் ஒவ்வொரு படியாக நகர்ந்தது. ராஜாவுக்கு ஆபத்து வந்தால் நினைத்த நகர்வைச் செய்ய முடியாது, கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். அதிலிருந்து ‘தடை’, ‘நிறுத்தம்’. தடையிலிருந்து ‘கட்டுப்பாட்டில் வைத்தல்’. கட்டுப்பாட்டிலிருந்து ‘சரிபார்த்தல்’. சரிபார்ப்பதற்காகக் கொடுக்கும் சீட்டு, வில்லை, துண்டு எல்லாவற்றுக்கும் அதே பெயர். கடைசியாக வங்கித் தாள். ஆங்கிலத்தில் தடைப் பொருள் முதலில் வந்தது, சரிபார்ப்புப் பொருள் பிந்தியது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விழும்.

பழைய_லெட்ஜர் | ஜூன் 3, காலை 11.05

சக் பற்றி. அரபு உலகில் சக் என்ற எழுத்துப் பத்திரம் இருந்தது உண்மை. பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய ஆவணங்களுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. கருவி பழையது, அதில் சண்டை இல்லை. சண்டை பெயரைப் பற்றித்தான்.

லண்டனில் 1659 என்று தேதியிட்ட கையெழுத்துத் தாள் ஒன்று இருக்கிறது, 400 பவுண்டு கொடுக்கச் சொல்லி. இன்று அதை ஆரம்பகால செக் என்கிறோம். அதை எழுதியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சக்கிலிருந்து பெயர் வந்திருந்தால் தாளோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது தாளின் பெயராகக்கூட இல்லை, அதன் அடிக்கட்டையின் பெயர். பணம் கேட்டு வரும் தாளை அடிக்கட்டையோடு வைத்துப் பார்த்துப் போலியைப் பிடிப்பார்கள், அதனால் அது ‘சரிபார்ப்பான்’. 1717இல் இங்கிலாந்து வங்கி அச்சிட்ட படிவங்களைக் கொண்டுவந்ததும் போலியைத் தடுக்கத்தான். அடிக்கட்டை உள்ள தாள் எல்லாம் செக் தாள், பிறகு தாளே செக்.

இன்னொரு விஷயம். அமெரிக்கர்கள் cheque என்பதை check என்று எழுத்துகளைக் குறைத்து எளிமையாக்கிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். பழைய எழுத்துமுறை அவர்களிடம்தான் இருக்கிறது. வாலில் க்யூ போட்டு நீட்டியது பிற்காலத்து ஆங்கிலேயர்கள்.

எண்ணெய்க்காரன் | ஜூன் 3, மதியம் 1.30

எங்கள் ஊர்ச் செக்கும் இதில் சேருமா? ராஜா, மாடு, எண்ணெய் என்று ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

வேர்ச்சொல்_பித்தன் | ஜூன் 3, மதியம் 1.52

சேராது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொல். செக் குடியரசும் சேராது, அது ‘செஹ்’ என்ற ஸ்லாவிய இனப் பெயர். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் போலந்துக்காரர்களின் பழைய எழுத்துமுறையிலிருந்து வந்தது. தமிழில் மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதுகிறோம் என்பதைத் தவிர உறவு எதுவும் இல்லை. சக் கதையும் இதே ரகம்.

பழைய_லெட்ஜர் | ஜூன் 3, இரவு 9.15

வாலில் க்யூ எங்கிருந்து வந்தது என்று ஒருவர் தனியாகக் கேட்டார். இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர், இன்றைக்கும் நிதியமைச்சர் பட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அதன் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வங்கித் தாளுக்கும் அதே வாலை ஒட்டினார்கள். எக்ஸ்செக்கர் என்றால் சதுரங்கப் பலகை. ‘எஷெக்கியே’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் முன்னால் வரும் எ-வை எழுத்தர்கள் லத்தீன் ‘எக்ஸ்’ என்று நினைத்துக்கொண்டு நடுவில் ஓர் எழுத்தைத் திணித்தார்கள்.

கட்டம்_64 | ஜூன் 4, காலை 7.20

கருவூலத்துக்கு எதற்குச் சதுரங்கப் பலகை? எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஒரு நாட்டின் வரியை எப்படி எண்ணுவது?

பழைய_லெட்ஜர் | ஜூன் 4, காலை 10.48

எட்டுக்கு எட்டு கிடையாது. கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கேள்வி பதிலாக ஒரு கையேடு எழுதினார், அதில் அளவுகளோடு இருக்கிறது. மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கறுப்புத் துணி, ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு நடுவே வட்ட வில்லைகளை வைத்துக் கணக்கு.

வலது ஓரத்திலிருந்து எண்ணுங்கள்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 376 பவுண்டு 13 ஷில்லிங் 8 பென்னி என்றால் நூறில் 3 வில்லை, இருபதில் 3, பவுண்டில் 16, ஷில்லிங்கில் 13, பென்னியில் 8. பென்னிப் பத்தியில் 12 சேர்ந்துவிட்டால் அதை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒன்று. பவுண்டில் 20 சேர்ந்தால் அடுத்ததில் ஒன்று. இருபதில் 5 சேர்ந்தால் நூறில் ஒன்று. இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வரும், ஏனென்றால் ஒவ்வொரு பத்திக்கும் நிரம்பும் எண் வேறு: 12, 20, 20, 5, அதற்கு மேல் 10, 10.

மேலே ஒரு வரிசையில் மாவட்ட அதிகாரி கட்ட வேண்டியது, கீழே அவர் கட்டியது. மேலிருந்து கீழைக் கழித்தால் பாக்கி. ரோமன் எண்ணில் காகிதத்தில் கழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று. எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரியும் வில்லைகளைப் பார்த்தே தன் பாக்கியைப் புரிந்துகொள்ளலாம்.

பெயருக்குக் காரணம் கேட்கும் மாணவனுக்கு ஃபிட்ஸ்நீல் இரண்டு பதில் தருகிறார். ஒன்று, பலகையின் தோற்றம். இன்னொன்று, இங்கேயும் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து போர் நடத்துகிறார்கள்: ஒரு பக்கம் கருவூலத் தலைவர், மறுபக்கம் மாவட்ட அதிகாரி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வரி அலுவலகத்துக்குப் போய் வந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பழைய_லெட்ஜர் | ஜூன் 4, காலை 11.30

மேலே விட்டுப்போனது. பணம் கட்டியதற்கு ரசீது என்ன? காகிதம் இல்லை, மரக் குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். தொகையை வெட்டுகளாகப் போடுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமனுக்கு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் பருமன், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த வாற்கோதுமை மணி அளவு, ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிது. பென்னிக்கு மரத்தைத் தோண்டாமல் வெறும் கீறல்.

வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். வெட்டு இரண்டு பாதியிலும் விழும். பிளவு முழு நீளம் போகாது, ஒரு பாதியில் பிடி இருக்கும். பிடியுள்ள பெரிய பாதி பணம் கட்டியவருக்கு, அதன் பெயர் ஸ்டாக். மெல்லிய பாதி கருவூலத்துக்கு, அதன் பெயர் ஃபாயில். ஒருவர் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினால் மறுபாதியில் அது இருக்காது. மர ரேகையும் பொருந்த வேண்டும், வேறு குச்சியை வெட்டிக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. செக் புத்தகத்தின் கவுன்டர்ஃபாயிலில் அந்த ஃபாயில் இன்னும் இருக்கிறது. நாம் அதை அடிக்கட்டை என்கிறோம். மரக் குச்சிக் கதை தெரியாமலே நம்மவர்கள் கட்டையில் வந்து நின்றிருக்கிறார்கள்.

பங்குச்சந்தை ஸ்டாக்கும் இந்தக் குச்சிதான் என்று படித்த நினைவு.

வேர்ச்சொல்_பித்தன் | ஜூன் 4, மதியம் 12.10

கடைசி வரியை மட்டும் தள்ளுபடி செய்யுங்கள். ஸ்டாக்குக்கு அடிப்படைப் பொருள் அடிமரம். குச்சியும் அங்கிருந்து வந்தது, மூலதனம், சரக்கிருப்பு என்ற பொருள்களும் அங்கிருந்து வந்தன. மூலதனம் என்ற பொருள் குச்சியைத் தொட்டு வந்ததா, மரத்திலிருந்து நேரே கிளைத்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. சக்கை வெளியே அனுப்பிய கையோடு இதை உள்ளே விடக் கூடாது.

கட்டம்_64 | ஜூன் 4, மாலை 6.02

அந்தக் குச்சிகள் என்ன ஆயின?

பழைய_லெட்ஜர் | ஜூன் 4, மாலை 6.40

எரித்தார்கள், கட்டடத்தோடு. குச்சி முறையை ஒழிக்க 1782இல் சட்டம் போட்டும் 1826 வரை நடைமுறை ஓடியது. மிஞ்சிய பழைய குச்சிகளை 16 அக்டோபர் 1834 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டுக் கொளுத்தினார்கள். நூற்றாண்டுக்கணக்கில் காய்ந்த மரம், ஒரே நாளில் அளவுக்கு மீறித் திணித்தது. சுவருக்குள் போகும் புகைப்போக்கி சூடேறி, தீ மேலே ஏறி, நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் போயின. இன்று லண்டனில் பார்க்கிற நாடாளுமன்றக் கட்டடம் அதற்குப் பின் எழுந்தது.

பாவு_ஊடை | ஜூன் 5, காலை 6.55

துணியை யாரும் தொடவில்லை. செக் சட்டை, செக் லுங்கி எல்லாம் பலகையின் தோற்றத்திலிருந்து வந்த கிளை. ‘தடை’, ‘சரிபார்’ வழியாக வரவில்லை, ‘செக்கர்’ என்ற பலகைச் சொல்லின் சுருக்கம்.

கட்டம் போடுவது எளிது என்று நினைப்பவர்களுக்கு: பாவில் (நீளவாட்டு இழை) எந்த வரிசையில் நிறம் ஓடுகிறதோ அதே வரிசை ஊடையிலும் (குறுக்கு இழை) வர வேண்டும், ஆனால் அதே எண்ணிக்கை வரக் கூடாது. அங்குலத்துக்குப் பாவு 80 இழை, ஊடை 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவில் 40 இழை அரை அங்குலம். ஊடையிலும் 40 போட்டால் அரை அங்குலத்துக்கு மேல், சுமார் 0.56 வரும், சதுரம் நீண்டுவிடும். 36 போட வேண்டும். கைத்தறியில் அடி ஒரே சீராக விழாவிட்டால் காலையில் நெய்த கட்டமும் சாயங்காலம் நெய்த கட்டமும் வேறு உயரம்.

இன்னொன்று: நிறத்துக்கு ஒரு நாடா (ஊடை இழையை ஏந்திப் போகும் ஓடம்) வேண்டும், மாற்றுவதற்குப் பல நாடாக்களை வைத்திருக்கும் டிராப் பாக்ஸ் என்ற பெட்டி. பெட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஊடை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 35 போட்டால் நாடா எதிர்ப்பக்கம் நின்றுவிடும், அங்கே மாற்றப் பெட்டி இல்லை. அதனால்தான் 36, 24, 12 என்றே கட்டங்களைப் பார்ப்பீர்கள். தறியில் இழுவையோடு இருக்கும்போது அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இறக்கியதும் பாவுப் பக்கம் சுருங்கும், நனைத்தால் இன்னும்.

பாவு_ஊடை | ஜூன் 5, காலை 7.10

சொல்ல மறந்தது. ‘மெட்ராஸ் செக்’ என்று உலகம் முழுக்கச் சொல்லும் துணியில் பழைய சாயம் ஓடும். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் அந்தச் சாயம் ஓடுவதையே சிறப்பு என்று சொல்லி விற்றார்கள். நைஜீரியாவின் கலாபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே: நம் கட்டத் துணியை வாங்கி, குறிப்பிட்ட நிற இழைகளை மட்டும் அறுத்து உருவிவிட்டு, அந்தத் துளைகளிலேயே புதிய வடிவம் செய்கிறார்கள். நெய்வதற்குப் பட்ட பாடு நமக்கு, உருவுவதற்குப் படும் பாடு அவர்களுக்கு.

காஞ்சிபுரத்துப் பாலும் பழமும் கட்டத்தை யாரும் ‘செக் சேலை’ என்று சொல்லிவிடாதீர்கள், கடைக்காரரே முகம் சுளிப்பார்.

நாலங்குலக்_குழாய் | ஜூன் 5, மதியம் 2.25

‘தடை’ப் பொருள் எங்கள் தொழிலில்தான் சுத்தமாக நிற்கிறது. செக் வால்வு, தண்ணீரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுப்பது. நாங்கள் என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) என்போம், கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டினால் பூட் வால்வு.

உடம்பில் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையில் மாட்ட வேண்டும். கதவு மாதிரி மடங்கும் வகையைப் படுக்கையாக மாட்டலாம். நிமிர்த்தி மாட்டினால் தண்ணீர் மேல்நோக்கிப் போக வேண்டும். கீழ்நோக்கிப் போகும் குழாயில் மாட்டினால் மடல் தன் எடையிலேயே திறந்து தொங்கும், மூடவே மூடாது.

மோட்டார் நின்றதும் ‘தடார்’ என்று அடித்தால், மடல் தாமதமாக மூடுகிறது என்று அர்த்தம். தண்ணீர் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு மூடுவதால் அந்த ஓட்டம் முழுக்க மடலில் மோதுகிறது. ஸ்பிரிங் வைத்த வகை ஓட்டம் நிற்கும் நேரத்திலேயே மூடிவிடும், அடி குறையும். காலையில் மோட்டார் போட்டால் காற்று மட்டும் வருகிறதா? முதலில் பூட் வால்வைத் தூக்கிப் பாருங்கள், மண்துகளோ இலையோ மாட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிணற்றுக்கு இறங்கியிருக்கும். பம்பைக் கழற்றுவது அப்புறம்.

சும்மா_கேட்டேன் | ஜூன் 5, மதியம் 3.00

செக் நட்டு?

நாலங்குலக்_குழாய் | ஜூன் 5, மதியம் 3.18

அதே தடை. முதல் நட்டு தளராமல் இரண்டாவது தடுக்கிறது. மெல்லிய நட்டு, தடித்த நட்டு என்று இரண்டு இருந்தால் மெல்லியதை முதலில் பொருள்மேல் ஒட்டிப் போடுங்கள், தடித்தது அதன் மேல். பலரும் தலைகீழாகப் போடுகிறார்கள். இறுக்கிய பிறகு இழுவை முழுக்க மேல் நட்டுக்குத்தான் போகிறது, அங்கே மரை அதிகம் வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை ஒரு ஸ்பேனரில் பிடித்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பூட்டு விழாது. சைக்கிள் ஆக்சில் கோனிலும் இதே தப்புதான் நடக்கிறது, சக்கரம் இறுகிப்போகும்.

கட்டம்_64 | ஜூன் 5, இரவு 8.44

முதல் நாள் ‘ஷா என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம்’ என்று வந்ததே, அதற்கு ஒரு பின்குறிப்பு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபீடேயின் விதிகளில் ‘செக்’ என்று வாயால் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சொல் பிறந்த கூவல் போட்டி அறையில் செத்துவிட்டது. செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால் அது விதிமீறிய நகர்வு. காயைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், தொட்ட காயால் செக்கைத் தீர்க்க முடியுமானால் அதைத்தான் ஆட வேண்டும். நீண்ட நேர ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாம் தடவை தோல்வி.

தீர்க்கும் வழி மூன்று: ராஜாவை நகர்த்து, தாக்கும் காயை வெட்டு, நடுவில் ஒன்றை வை. குதிரை செக் வைத்தால் மூன்றாவது வழி கிடையாது. இரட்டைச் செக் (ஒரே நேரத்தில் இரண்டு காய்கள் தாக்குவது) என்றால் முதல் வழி மட்டும்.

ரிட்டர்ன்_மெமோ | ஜூன் 6, காலை 10.05

வேர் எல்லாம் சரி, இன்று ஒரு செக் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யாராவது எழுதியிருக்கலாம்.

பழைய_லெட்ஜர் | ஜூன் 6, காலை 11.20

பாதை மாறுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். செக்கின் ஆயுள் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் (ஏப்ரல் 2012க்கு முன் 6 மாதம்). பணம் இல்லை என்று திரும்பினால் வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் அதைப் பெற்ற 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் புகார். ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று இழுக்க விட்டு 30 நாளைத் தவறவிடுவதுதான் அதிகம் நடப்பது. செக் இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால் மறுபடி போட்டுத் திரும்ப வைத்து, புதிதாக 30 நாள் எண்ணலாம்.

எழுதும்போது: எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் சட்டப்படி எழுத்துக்கே முதலிடம், நடைமுறையில் வங்கி திருப்பித்தான் அனுப்பும். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய பழக்கம் செல்லாது. படத்தைப் பார்த்தே பணம் தீர்க்கும் முறையில் பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் ஏற்க மாட்டார்கள், புதுத் தாள் எடுங்கள். கீழே வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதாதீர்கள். அங்கே 6 இலக்க செக் எண்ணும், அடுத்து 9 இலக்கமும் காந்த மையில் இருக்கும். அந்த ஒன்பதில் முதல் 3 ஊர், சென்னைக்கு 600.

சும்மா_கேட்டேன் | ஜூன் 6, மாலை 5.30

கடைசியாக ஒன்று. செக் புரிந்தது. செக்மேட்டில் ‘மேட்’?

கட்டம்_64 | ஜூன் 6, மாலை 6.12

இரண்டு கட்சி. அரபில் ‘மாத்த’ என்றால் செத்தான், ஆகவே ‘ராஜா செத்தார்’. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து வழியற்று நின்றவர். ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, போக இடமில்லாமல் நிறுத்துகிறோம், அதனால் நான் பாரசீகக் கட்சி.

ஸ்டேல்மேட்டில் (செக் இல்லை, ஆனால் ஆட ஒரு நகர்வும் இல்லாத நிலை) இருப்பதும் அதே மேட்தான். முன்னால் உள்ள ‘ஸ்டேல்’ நின்றுபோன நிலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஊசிப்போன பண்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டாம். இன்று அதற்கு ஆளுக்கு அரைப் புள்ளி. 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி நிறுத்தியவருக்கே தோல்வி. ஒரு ராணி அதிகம் வைத்துக்கொண்டு அவசரப்படுபவர்கள் இன்று அரைப் புள்ளியோடு தப்பிக்கிறார்கள்.